புள்ளியும் கறையும்: கைவரைவு திசையன் உருவாக மாறிய வரலாறும் தமிழ்த் தொல்லெழுத்தியலும்

முன்னுரை

கல்வெட்டின் மைப்படியையோ ஓலைச்சுவடியின் ஒளிப்படத்தையோ கணினித் திரையில் வைத்து, எழுத்துகளின் வடிவத்தைக் கோடுகளாகப் பிரித்தெடுக்கும் பணி தமிழ்த் தொல்லெழுத்தியலில் இடம்பெற்றுவிட்டது. எழுத்து வளர்ச்சி அட்டவணைகளும், பானையோட்டுக் கீறல்களின் தொகுப்புகளும், பண்டைய வரிவடிவங்களுக்கான எழுத்துருக்களும் இப்பணியை வேண்டுகின்றன. கணினி ஓர் உருவத்தை இருவகையாகச் சேமிக்கிறது. கட்டங்கட்டமாக அடுக்கிய படப்புள்ளிகளின் தொகுதியாகச் சேமிப்பது ஒருவகை. கோடுகள், வளைவுகள் ஆகியவற்றின் இடத்தையும் போக்கையும் எண்களாகச் சேமிப்பது மற்றொருவகை. பின்னது வெக்டர் வரைகலை எனவும் தமிழில் திசையன் வரைகலை எனவும் வழங்கப்பெறும். படப்புள்ளிப் படத்தைப் பெரிதாக்கினால் விளிம்புகள் படிக்கட்டுப்போல் உடையும். திசையன் உருவோ எவ்வளவு பெருக்கினும் சுருக்கினும் கூர்மை குன்றாது.

இக்கூர்மையே ஒரு சிக்கலுக்கும் இடமாகிறது. மூலத்தில் ஐயத்திற்குரியதாக இருந்த ஒரு கீறல் திசையன் உருவில் ஐயமற்ற கோடாகத் தோன்றுகிறது. கைவரைவு திசையன் உருவாக மாறிய வரலாற்றை எடுத்துரைத்து, அம்மாற்றம் ஒரு பாடத்தேர்வே என்பதையும் சுவடிப்பதிப்பிற்குரிய நெறிகள் அதற்கும் வேண்டும் என்பதையும் நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவு என்னும் பழஞ்சிக்கல்

ஒரே வரைவைப் பல அளவுகளில் பயன்படுத்துவது எவ்வாறு என்னும் வினா கணினிக்கு முற்பட்டது. உலோக அச்செழுத்தை உருவாக்க எஃகுத் துண்டின் முனையில் எழுத்தைச் செதுக்கி, அதனைச் செம்பில் அறைந்து, அக்குழியில் ஈயக் கலவையை வார்த்தனர். ஓர் அளவிற்குச் செதுக்கியது மற்றோர் அளவிற்கு உதவாது. அளவுதோறும் புதிதாகச் செதுக்குதல் வேண்டும்.

தமிழ் அச்சு வரலாறு இதற்குச் சான்று பகர்கிறது. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறு பக்கங்களே கொண்ட சிறுநூல். அதன் இறுதிப் பக்கத்தில் 1577இல் கோவாவில் வார்த்த எழுத்துகளும் 1578இல் கொல்லத்தில் வார்த்த எழுத்துகளும் தனித்தனியே காட்டப்பெற்றுள்ளன. ஓராண்டு இடைவெளியில் இருவேறு கைகள் ஒரே நெடுங்கணக்கை இருவேறாக வடித்திருப்பதை அங்குக் காணலாம். தரங்கம்பாடி அச்சகத்திற்காக ஜெர்மனியின் ஹாலே நகரில் செய்யப்பெற்ற தமிழ் எழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தன. அவை அளவிற் பெரியனவாய் இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே பொறையாற்றில் சிறிய எழுத்துகள் புதிதாக வார்க்கப்பெற்றன. 1715இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தின் பி.ஆர். ஹண்ட், சிறிய அளவுத் தமிழ் எழுத்துகளை உருவாக்கினார். அவ்வச்சகத்தில் 1862இல் வெளிவந்த வின்சுலோவின் பேரகராதி, சிற்றளவு எழுத்தின் பயனுக்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

ஒவ்வோர் அளவும் ஒவ்வொரு புதிய வரைவு என்பதே உலோக அச்சுக்கால நிலை. சிற்றளவில் எதனைக் காப்பது, எதனை விடுப்பது என்பதை எழுத்துச் செதுக்குநரே தீர்மானித்தார். வரைவை ஒருமுறை எண்களாக்கிவிட்டால் எல்லா அளவுகளும் தாமே கிடைக்கும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே நடைமுறைக்கு வந்தது.

வளைகோட்டின் கணிதம்

இந்நடைமுறைக்கு அடிகோலியது பிரான்சு நாட்டின் மகிழுந்துத் தொழிலாகும். மகிழுந்தின் உடற்பகுதி வளைவுகளை வடிவமைப்பாளர் கையால் வரைவர். களிமண்ணிலும் மரத்திலும் மாதிரிகள் செய்வர். ஒரு மாதிரியிலிருந்து மற்றொன்றிற்கு மாறும்போது வளைவு சிறிது திரியும். இதனைத் தவிர்க்க வளைவை எண்களால் குறிக்கும் வழி தேவைப்பட்டது. சித்ரோன் நிறுவனத்தைச் சேர்ந்த பால் தெ காஸ்தெல்ழோ 1959இல் ஒரு முறையைக் கண்டார். நிறுவனம் அதனை மறைபொருளாக வைத்திருந்தது. ரெனோ நிறுவனத்தில் பியர் பெசியர் 1960களில் ஒத்த முறையைத் தனியே வளர்த்து வெளியிட்டார். வளைவும் அவர் பெயரையே பெற்றது. இரண்டிற்கும் அடிப்படை, உருசியக் கணிதவியலார் செர்கெய் பெர்ன்சுடைன் 1912இல் கையாண்ட பல்லுறுப்புக்கோவைகளாகும்.

முப்படிப் பெசியர் வளைவுக்கு நான்கு புள்ளிகள் போதும். முதலும் ஈறுமாகிய இரண்டு புள்ளிகள் வளைவின்மேல் அமையும். இடையிலுள்ள இரண்டும் வளைவுக்குப் புறத்தே நின்று அதனைத் தம்பால் ஈர்க்கும். இவை கட்டுப்பாட்டுப் புள்ளிகள் எனப்பெறும். நான்கு புள்ளிகளின் ஆயத்தொலைகளைக் குறித்துவிட்டால் அவ்வளைவை எந்த அளவிலும் மீளவரையலாம். பெருக்கத்தின்போது மாறுவன அவ்வெண்களே. வளைவின் இயல்பு மாறுவதில்லை.

இக்கணிதம் எழுத்துக்கலைக்கு வந்தது அடுத்த கட்டம். 1970களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பீட்டர் காரோ உருவாக்கிய 'இக்காரசு' முறையில், எழுத்தின் பெரிய கைவரைவைப் பலகையின்மேல் விரித்து, அதன் விளிம்பில் முனை, வளைவு, வளைவு தொடங்குமிடம் என வகைப்படுத்தி ஆள் ஒருவர் புள்ளிகளைக் குறித்தார். எந்த இடத்தில் புள்ளி இடுவது என்பது பயின்ற கண்ணின் தீர்ப்பாகவே இருந்தது. 1984இல் வெளிவந்த அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி, எழுத்துகளைப் பெசியர் வளைவுகளால் ஆன புறக்கோடுகளாக அச்சுப்பொறிக்கு அனுப்பியது. 1991இல் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ட்ரூடைப் இருபடி வளைவுகளைக் கையாண்டது. பின்னர் மேசைக்கணினிகளில் பரவிய தமிழ் எழுத்துருக்கள் இவ்வடிப்படைகளின்மேல் அமைந்தவையே.

இணையத்திற்குரிய பொதுத்தரம் 2001 செப்டம்பரில் உலகளாவிய வலைச் சேர்த்தியத்தின் பரிந்துரையாக வெளிவந்தது. எஸ்.வி.ஜி. என்னும் இவ்வடிவம் முழுவதும் எழுத்துக்கோப்பாகவே அமைவது. 'இவ்விடத்திற்கு நகர்க, இதுவரை நேர்கோடு இழுக்க, இப்புள்ளிகளின் வழியே வளைக, பாதையை மூடுக' என்னும் கட்டளைகளே அதன் உள்ளடக்கம். அதனை எவரும் திறந்து படிக்கலாம், திருத்தலாம், குறிப்புரை சேர்க்கலாம். இவ்வியல்பு ஆய்வாளர்க்கு எத்துணைப் பயனுடையது என்பது பின்னர்க் காட்டப்பெறும்.

தானியங்கித் தடம்பற்றல்

கையால் புள்ளிகளைக் குறிக்கும் பணியை மென்பொருளிடம் ஒப்படைக்கும் முயற்சிகளும் உடன்நிகழ்ந்தன. அவற்றுள் பரவலாக அறியப்பெற்றது, கணிதவியலார் பீட்டர் செலிங்கர் 2001இல் வெளியிட்ட 'போட்ரேசு' ஆகும். 2003இல் தோன்றிய இங்க்ஸ்கேப் என்னும் கட்டற்ற வரைகலை மென்பொருளிலும் இது இணைக்கப்பெற்றது. அதன் செயல்முறையை அறிதல் ஈண்டு இன்றியமையாதது.

முதலில் சாம்பல் நிறச் சாயல்கள் நீக்கப்பெற்று, படப்புள்ளி ஒவ்வொன்றும் கறுப்பு அல்லது வெள்ளை என வகுக்கப்பெறும். அதன்பின் கறுப்பும் வெள்ளையும் சந்திக்கும் எல்லைகள் பாதைகளாகப் பிரிக்கப்பெறும். குறிப்பிட்ட பரப்பளவிற்குக் குறைந்த சிறு திட்டுகள் கறைகளாகக் கருதப்பெற்று விலக்கப்பெறும். எஞ்சிய பாதை ஒவ்வொன்றும் பொருத்தமான பலகோணமாக்கப்பெறும். பலகோணத்தின் முனைகளுள் எவை கூர்முனைகள், எவை வளைவுகள் என முடிவுசெய்யப்பெறும். இறுதியில் அடுத்தடுத்த வளைவுகள் கூடியமட்டும் ஒன்றாக இணைக்கப்பெறும்.

இவற்றுள் மூன்று கட்டங்களில் பயனர் தாமே அளவை மாற்றலாம். கறுப்பு எது என்பதற்கான எல்லை, கறை எது என்பதற்கான எல்லை, முனை எது என்பதற்கான எல்லை என்பன அவை. ஓவியத்தையோ வணிகச் சின்னத்தையோ மாற்றுவோர்க்கு இவை அழகு பற்றிய தெரிவுகள். கல்வெட்டெழுத்தை மாற்றுவோர்க்கோ இவை மூன்றும் வாசிப்பு பற்றிய தெரிவுகளாகும்.

கைப்படியும் எந்திரப்படியும்

மூலத்தை மனிதக் கை வரைவதா, எந்திர முறையில் எடுப்பதா என்னும் விவாதம் இந்தியக் கல்வெட்டியலுக்குப் புதியதன்று. 1877இல் அலெக்சாண்டர் கன்னிங்காம் வெளியிட்ட அசோகர் கல்வெட்டுத் தொகுதியின் பலகைகள் பெரும்பாலும் பார்த்து வரையப்பெற்றவை. வரைந்தவரின் வாசிப்பு அவ்வரைவில் கலந்திருந்தது. தெளிவற்ற இடத்தில் அவர் கருதிய எழுத்தே பலகையில் இடம்பெற்றது. 1888இல் குப்தர் கல்வெட்டுகளைப் பதிப்பித்த பிளீட், கைத்திருத்தமற்ற எந்திரப்படிகளை வலியுறுத்தினார். அசோகர் கல்வெட்டுகளுக்கு 1925இல் ஹுல்ஷ் உருவாக்கிய புதுப்பதிப்பும் மைப்படி வழிப்பட்ட பலகைகளைக் கொண்டிருந்தது.

ஆயினும் கைவரைவு கைவிடப்பெறவில்லை. 1874இல் மங்களூரில் வெளிவந்த பர்னலின் தென்னிந்தியத் தொல்லெழுத்தியல் நூலும், சென்னை அரசு அருங்காட்சியக வெளியீடாக வந்த சி. சிவராமமூர்த்தியின் நூலும் தம் எழுத்தட்டவணைகளால் பயன் மிகுந்தன. ஒரு நூற்றாண்டின் 'க' இவ்வாறு, அடுத்த நூற்றாண்டின் 'க' இவ்வாறு எனக் காட்டுவதற்கு மைப்படியின் சிதைவுகளை நீக்கிய தெளிந்த வரைவே ஏற்றது. ஐராவதம் மகாதேவன் 2003இல் வெளியிட்ட தமிழ்-பிராமி ஆய்வுநூல் மைப்படிகளையும் வரைபடிகளையும் ஒருங்கே தந்தது. வாசிப்போர் வரைபடியில் ஐயுற்றால் மைப்படியை நோக்கலாம். எந்திரப்படி சான்றாகவும் கைப்படி விளக்கமாகவும் நிற்கும் இவ்வமைப்பு, நூற்றாண்டு விவாதம் தந்த நல்ல விளைவு எனலாம்.

தானியங்கித் தடம்பற்றல் இப்பாகுபாட்டைக் குலைக்கிறது. மென்பொருள் வரைந்ததாகையால் அது எந்திரப்படி போல் தோன்றுகிறது. தெளிந்த கோடுகளால் ஆனமையால் கைப்படி போலவும் தோன்றுகிறது. உண்மையில் அது எல்லைகளை அமைத்தவரின் தீர்ப்பை உள்ளடக்கிய ஒரு வரைபடியே. அத்தீர்ப்பு எங்கு நிகழ்ந்தது என்பது மட்டும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

புள்ளியா, கறையா?

கறை நீக்கும் கட்டம் தமிழெழுத்திற்குத் தனிச்சிறப்புடையது. மெய் புள்ளி பெறும் என்பதும், எகர ஒகரக் குறில்களும் புள்ளி பெறும் என்பதும் தொல்காப்பியம் கூறும் நெறி. ஒரு புள்ளி உயிர்மெய்யை மெய்யாக்கும், நெடிலைக் குறிலாக்கும். ஓலைச்சுவடிகளில் புள்ளி பெரும்பாலும் இடப்பெறவில்லை. எழுத்தாணியால் குத்தினால் ஓலை துளைபடும் என்பது அதற்குப் பொதுவாகக் கூறப்பெறும் காரணம். பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் எகர ஏகார, ஒகர ஓகார வேறுபாட்டைப் புள்ளியின்றியே காட்ட வழிசெய்தது இப்பின்னணியிலேயே ஆகும். சில தமிழ்-பிராமிப் பொறிப்புகளில் புள்ளி உண்டு என்பதை மகாதேவன் எடுத்துக்காட்டியுள்ளார். ஆகவே, கற்பரப்பிலுள்ள ஒரு சிறுகுழி எழுதியவர் இட்ட புள்ளியா, இயற்கைச் சிதைவா என்பது இலக்கணத்தையும் காலக்கணிப்பையும் தொடும் வினாவாகும்.

இவ்வினாவை மென்பொருள் எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை ஒரு கணக்கால் விளக்கலாம். கல்லில் 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு புள்ளி இருப்பதாகக் கொள்வோம். அதன் மைப்படி நூலில் இருபதில் ஒரு பங்காகச் சுருக்கி அச்சிடப்பெறின், புள்ளியின் விட்டம் 0.2 மில்லிமீட்டராகும். அப்பக்கத்தை அங்குலத்திற்கு 300 படப்புள்ளிகள் என்னும் வீதத்தில் வருடினால், அப்புள்ளியின் விட்டம் ஏறத்தாழ 2.4 படப்புள்ளிகள், பரப்பு ஏறத்தாழ 4 அல்லது 5 படப்புள்ளிகள். போட்ரேசு மென்பொருள் தானாகக் கொள்ளும் கறை எல்லை 2 படப்புள்ளிகள். அவ்வெல்லையில் இப்புள்ளி தப்பும். மைப்படிகளிலோ கல்லின் சொரசொரப்பால் நூற்றுக்கணக்கான திட்டுகள் விழுவது இயல்பு. அவற்றைத் துப்புரவாக்க விழையும் பயனர் எல்லையை 5 அல்லது 10 என உயர்த்தினால், திட்டுகளுடன் புள்ளியும் மறையும். திரையில் எஞ்சுவது புள்ளியற்ற, மிகத் தெளிந்த எழுத்து.

முழு அளவு மைப்படியையே அதே வீதத்தில் வருடியிருந்தால், அப்புள்ளியின் விட்டம் ஏறத்தாழ 47 படப்புள்ளிகளாகவும் பரப்பு 1,700க்கும் மேற்பட்டதாகவும் இருக்கும். அந்நிலையில் கறை எல்லையால் அதற்கு ஊறு நேராது. அச்சிட்ட சிறு பலகையிலிருந்து எடுத்த திசையன் உருவும் மூல மைப்படியிலிருந்து எடுத்த திசையன் உருவும் திரையில் ஒரே கூர்மையுடன் விளங்கினும், சான்று என்னும் நிலையில் அவை ஒன்றாகா. எல்லையற்றுப் பெருக்கத்தக்க உரு என்பதனால், மூலத்தில் இல்லாத செய்தி அதனுள் வந்துவிடுவதில்லை.

நிறமும் கருதத்தக்கது. மைப்படியில் கல்லின் மேற்பரப்பு கறுப்பாகவும் குழிந்த எழுத்து வெள்ளையாகவும் விழும். தடம்பற்றுமுன் நிறத்தை மாற்றிக்கொள்ளுதல் இயல்பான பணியே. ஆயினும் மை சரியாகப் படியாத இடமும் வெள்ளையாகவே விழுமாதலால், மாற்றிய படத்தில் அது கறுப்புக் கோடாகித் தன்னை எழுத்தின் உறுப்பாகக் காட்டிக்கொள்ளும். கறை நீக்கும் எல்லை புள்ளியை இழக்கச் செய்வதுபோல, நிற எல்லை இல்லாத கோட்டை உண்டாக்கவும் கூடும்.

முனையும் வளைவும்

எழுத்தின் காலத்தைக் கணிக்கத் தொல்லெழுத்தியலார் நோக்கும் கூறுகளுள் கோண அமைப்பும் வட்ட அமைப்பும் முதன்மையானவை. முனை எல்லையை ஒருபுறம் முற்றாகத் தள்ளினால் எல்லா வளைவுகளும் கோணங்களாகும். மறுபுறம் தள்ளினால் கோணங்கள் யாவும் வழவழப்பான வளைவுகளாகும். வட்டெழுத்தின் வளர்நிலைகளை ஒப்பிடும் அட்டவணையில் ஒரு நூற்றாண்டின் எழுத்தை ஓர் எல்லையிலும் அடுத்ததன் எழுத்தை வேறோர் எல்லையிலும் எடுத்தால், அட்டவணை காட்டும் 'வளர்ச்சி' மென்பொருளின் விளைவாக முடியலாம்.

எழுத்தை வரைந்த கையின் போக்கு மற்றொரு செய்தி. போட்ரேசு போன்றவை கோட்டின் இரு விளிம்புகளையும் புறக்கோடாகத் தருகின்றன. எழுத்து எங்குத் தொடங்கியது, எத்திசையில் சென்றது, ஒரு கோட்டை மற்றொன்று எங்கு வெட்டியது என்பவை புறக்கோட்டில் மறைந்துவிடும். டொனால்டு குனுத் 1970களின் இறுதியில் உருவாக்கி 1984இல் திருத்தியமைத்த 'மெட்டாஃபாண்ட்' இதற்கு மாறான அணுகுமுறை உடையது. ஓர் எழுதுகோல் எவ்வழியே செல்கிறது என்பதை அதில் விவரிக்கலாம். கோலின் பருமனும் சாய்வும் தனியே குறிக்கப்பெறும். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஒரு தமிழ் எழுத்துருவும் மெட்டாஃபாண்டில் உருவாக்கப்பெற்றது. பருமன் பெரிதும் மாறாத எழுத்தாணிக் கீறலுக்கும் பானையோட்டுக் கீறலுக்கும் இவ்வுட்கோட்டு முறை இயைபுடையது. எந்த முறை சிறந்தது என்னும் வினாவினும், எந்த ஆய்வுக்கு எந்த முறை என்னும் வினாவே பொருந்தும்.

கீறல் ஆய்வில் இதன் விளைவு பெரிது. மகாதேவன் 1977இல் வெளியிட்ட சிந்து எழுத்துத் தொகுதி, வேறுபட்ட வடிவங்களை ஒப்புநோக்கி 417 குறிகளாக வகுத்தது. குறியுடன் அதன் மாற்றுவடிவங்களும் தரப்பெற்றமையால் பிற ஆய்வாளர் அவ்வகுப்பை மறுக்கவும் வழி இருந்தது. கே. இராஜன், இர. சிவானந்தம் ஆகியோரின் ஆய்வாகத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2025இல் வெளியிட்ட நூல், 140 இடங்களில் கிடைத்த 15,000க்கும் மேற்பட்ட கீறல் பொறித்த பானையோடுகளைக் கருத்திற்கொண்டு அவற்றின் வடிவங்களைச் சிந்துக் குறிகளுடன் ஒப்பிட்டது. இத்தகைய பேரளவு ஒப்பீடுகளில் ஆய்வாளர் ஒப்பிடுவது பெரும்பாலும் ஓடுகளை அன்று, ஓடுகளின் வரைவுகளையே ஆகும். உடைந்த ஓட்டின் ஓரத்தில் நின்றுவிட்ட கோடு வரைவில் முடிவுற்ற கோடாகக் காட்டப்பெறின், ஒப்புமை கூடவும் குறையவும் அதுவே காரணமாகலாம்.

வரைவைப் பதிப்பாகக் கொள்ளுதல்

சுவடிப்பதிப்பு இதனையொத்த சிக்கலை முன்பே கண்டு நெறி வகுத்துள்ளது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை வெளியிட்டது முதல் பாடபேதங்களைக் குறித்தல் நற்பதிப்பின் இலக்கணமாயிற்று. கல்வெட்டுப் பதிப்பிலும் சிதைந்த எழுத்தையும் ஊகித்த எழுத்தையும் அடைப்புக்குறிக்குள் இடுவது மரபு. எழுத்தின் பெயர்ப்பில் அடைப்புக்குறி இருக்க, எழுத்தின் வரைவில் அஃது இல்லாமை முரணாகும்.

எஸ்.வி.ஜி. வடிவம் இக்குறையைப் போக்கும் வசதிகளைத் தன்னகத்தே கொண்டுள்ளது. கோடுகளைக் குழுக்களாகப் பிரித்துப் பெயரிடலாம். ஐயமற்ற கோடுகளை ஒரு குழுவிலும், சிதைவால் ஐயத்திற்கிடமான கோடுகளை மற்றொரு குழுவிலும், ஆய்வாளர் ஊகித்து நிரப்பியவற்றை மூன்றாவது குழுவிலும் வைத்து, முழுக்கோடு, விட்டுவிட்ட கோடு, மெல்லிய கோடு என வேறுபடுத்திக் காட்டலாம். புள்ளிகளுக்கெனத் தனிக்குழு அமைத்து, நீக்கிய திட்டுகளையும் அழித்துவிடாது மறைத்துவைக்கலாம். தலைப்பு, விளக்கம், தரவுக்குறிப்பு ஆகியவற்றிற்கு அவ்வடிவத்திலேயே இடமுண்டு. எந்த மைப்படி, எந்த அளவு, எந்த வருடல் வீதம், எல்லைகள் எவை, திருத்தியவர் எவர் என்பன அங்கு இடம்பெறலாம். மூலப்படத்தையும் வரைவின் கீழ் அடுக்காக இணைக்கலாம். மகாதேவன் நூலில் எதிரெதிரே நின்ற மைப்படியும் வரைபடியும் இவ்வாறு ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்.

எழுத்துருவாக்கத்திற்கும் இது பொருந்தும். பிராமி வரிவடிவம் 2010இல் ஒருங்குறியில் சேர்க்கப்பெற்றது. பழந்தமிழுக்குரிய புள்ளியும் எகர ஒகரக் குறில்களும் அதில் தனிக்குறியீடு பெற்றது 2021இல்தான். குறியீட்டளவில் ஏற்பிசைவு பெற்ற அப்புள்ளி, வரைவளவில் கறையென நீக்கப்படாமல் காப்பது ஆய்வாளர் கடனாகும்.

முடிவுரை

கைவரைவு திசையன் உருவாக மாறிய வரலாறு, தீர்ப்பு வழங்கும் இடம் படிப்படியாக மறைந்த வரலாறாகவும் அமைகிறது. உலோக அச்சுக்காலத்தில் செதுக்குநரின் கையிலும், இக்காரசு முறையில் புள்ளி குறித்தவரின் கண்ணிலும் இருந்த தீர்ப்பு, தானியங்கித் தடம்பற்றலில் சில எண்களுக்குள் ஒடுங்கிற்று. அவ்வெண்களை வெளிப்படுத்தாத வரைவு, பாடபேதம் காட்டாத பதிப்பினை ஒத்தது.

திசையன் உரு ஒப்பீட்டிற்கும் அட்டவணைக்கும் எழுத்துருவிற்கும் பெருந்துணை என்பதில் ஐயமில்லை. அத்துணையைச் சான்றெனக் கொள்ளுமுன், மூலப்படமும் எல்லை எண்களும் ஐயக்குறியும் அதனுடன் வருகின்றனவா என நோக்குதல் வேண்டும். புள்ளியொன்றால் எழுத்தின் தன்மையே மாறும் மொழியில், எது புள்ளி, எது கறை என்று முடிவுசெய்யும் பொறுப்பு மொழியறிந்தவர்க்கே உரியது.